எழுந்து நின்ற பிள்ளைகள்
மரக்காணம் உப்பளங்களுக்கு அருகிலுள்ள கூனிமேட்டுக் கரையில், சீடரை உப்புக்கு ஒப்பிட்ட இயேசுவின் சொல் தனிக் கனம் பெறுகிறது; எதில் கலந்தாலும் தன் சுவையை விடாதது உப்பு. அதுபோல் நாட்டில் கலந்து வாழ்ந்தும் தன் தன்மையை விடாத இறையாட்சி, அதாவது கடவுளையே இறுதி அரசராகக் கொள்ளும் நம்பிக்கை, நாட்டை வெறுப்பதன்று என்பதற்குக் கேரளத்தில் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளே சான்று: யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், நாட்டுப்பண் ஒலித்தபோது பாடவில்லை, ஆயினும் எழுந்து நின்றார்கள். உள்ளத்தைத் தொடுவது அந்த நிற்றல்தான். மரியாதை நாட்டுக்கு, வழிபாடு கடவுளுக்கு என்னும் கோட்டை, அரசியல் மேடைகளில் இறையருள் தேடும் பெரியவர்களைவிடத் தெளிவாக அப்பிள்ளைகள் வரைந்தனர். பாடியே ஆகவேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1986 ஆகஸ்ட் 11 அன்று, நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின்வழி அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது.