நீக்கியவரிடமே அனுமதி கேட்பதா?

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர், ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேறிடம் மாற வேண்டுமென்றால் பழைய முதலாளியின் கையெழுத்தோடு விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும். இந்த விதியில் கை வைப்பதில்லை என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை பிடிவாதமாக நிற்கிறது. இது பழைய ஏற்பாடுதான், புதிதாக யாரும் எதையும் முடிவு செய்யவில்லை என்று சமாதானம் சொல்லப்படுகிறது. இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேர் சீரழிந்ததைப் பார்த்த பிறகும் மாற்றாமல் வைத்திருப்பது ஒரு முடிவுதான். அதற்கான பொறுப்பை அவர்கள் ஏற்றே ஆக வேண்டும். வேலையை விட்டுச் சொல்லாமல் ஓடுகிறவரைத் தடுக்க வந்த விதி, வேலையிலிருந்து துரத்தப்பட்டவரையும் சேர்த்தே பிடித்து வைக்கிறது.

இந்த ஆசிரியர்களுக்குத் தரப்படும் இ-2 விசா எப்படிப்பட்டது என்பது இந்த விவகாரத்தைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்குத் தெரியும். விசா ஆசிரியரின் பெயரில் இருக்கும். அதன் உயிர் பணியிடத்தில் இருக்கும். 'ஹாக்வான்' எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்கள் பொதுவாக ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆசிரியரை வரவழைக்கின்றன. தங்க வீடு நிலையத்துடையது. ஊர் திரும்பும் விமானச் சீட்டும் பெரும்பாலும் அதன் பொறுப்பு. ஆகவே வேலை போகிற அன்றைக்கே சம்பளம், வீடு, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் ஒன்றாக ஆட்டம் காணுகின்றன. நீக்கிய விவரத்தை முதலாளி 15 நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஏன் நீக்கினார், நியாயமாக நீக்கினாரா என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் எழுவதே இல்லை. அவர் சொன்னது பதிவாகிறது. ஆசிரியரின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

பதினோராவது மாதம் என்று சொன்னால் அங்கே பணியாற்றிய எந்த ஆசிரியருக்கும் விளக்கம் தேவைப்படாது. கொரியச் சட்டப்படி ஓராண்டு முழுமையாகப் பணியாற்றியவருக்கு 30 நாள் சராசரி ஊதியம் பணிக்கொடையாகத் தரப்பட வேண்டும். பத்து மாதமோ பதினோரு மாதமோ வேலை வாங்கிக்கொண்டு, ஆண்டு நிறைவதற்கு முன் ஏதோ ஒரு காரணம் சொல்லி வெளியேற்றிவிட்டால் அந்தப் பணம் மிச்சம். விமானச் சீட்டும் மிச்சம். பாடம் சரியில்லை, பெற்றோர் புகார் செய்தார்கள் என்று கடைசி மாதத்தில்தான் திடீரெனக் கண்டுபிடிப்பார்கள். முந்தைய பத்து மாதமும் அதே ஆசிரியர், அதே வகுப்பு, அதே பிள்ளைகள்.

இப்படி வஞ்சித்த அதே மனிதரின் வாசலில்தான் அந்த ஆசிரியர் கடிதத்துக்காகப் போய் நிற்க வேண்டும் என்கிறது விதி. கடிதம் தருவதும் தராததும் அவர் விருப்பம். விருப்பம் என்று வந்தபின் பேரம் வராமல் இருக்குமா? பாக்கிச் சம்பளத்தைக் கேட்காதே, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகாதே, வீட்டு முன்பணத்தை மற, கடிதம் தருகிறேன். இந்தப் பேரத்துக்குச் சாட்சி இருக்காது, ரசீது இருக்காது. கடிதம் கிடைக்காதவர் நாட்டை விட்டு வெளியேறி, புதிய விசாவுக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். பூசானிலிருந்து கப்பலேறி ஜப்பானின் ஃபுகுவோக்காவுக்குப் போய், அங்குள்ள கொரியத் துணைத் தூதரகத்தில் புது விசா வாங்கித் திரும்புவது ஆசிரியர்களிடையே பழகிப்போன பாதை. பிழைப்புக்காக ஒருவர் கடல் கடந்து போய்வர வேண்டியிருப்பது எந்தப் பொதுநலனைக் காக்கிறது?

முதலாளி தவறு செய்தார் என்று நிரூபித்தால் கடிதம் இல்லாமலும் மாறலாம் என்று அதிகாரிகள் தரப்பில் பதில் வரும். நிரூபிக்க வேண்டியவர் யார்? வேலையும் வீடும் போனவர். தொழிலாளர் தரநிலைச் சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் பணியாற்றியவரை நீக்க 30 நாள் முன்னறிவிப்பு, இல்லையேல் 30 நாள் ஊதியம். பாக்கியை 14 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். நியாயமற்ற நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் உறவு ஆணையத்திடம் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். ஆனால் அந்த முறையீட்டு உரிமை ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. தெருவுக்கு ஒன்றாக இருக்கும் சிறு ஹாக்வான்களில் பல இந்த ஓட்டையில் தப்பிவிடுகின்றன. இன்னும் சில முதலாளிகள் 3.3 சதவீத வரி பிடித்து, ஆசிரியரைச் சுயதொழில் செய்பவராகக் கணக்கில் காட்டிவிடுகிறார்கள். தான் ஊழியர்தான் என்பதை நிறுவுவதிலிருந்தே அவர் வழக்கைத் தொடங்க வேண்டும்.

வழக்கு நடக்கும் வரை ஜி-1 அனுமதியில் இருக்கலாமே, வேலை தேட டி-10 விசா இருக்கிறதே என்பது அடுத்த பதில். இரண்டிலும் வகுப்பெடுத்துச் சம்பாதிக்க வழியில்லை. சியோலில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் நீதிக்குக் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் பெரும்பாலோர் கேட்ட இடத்தில் கையெழுத்திட்டு, பாக்கியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். புகார்கள் குறைவு என்று பிறகு இதே அதிகாரிகள் சொல்வார்கள்.

செலவு செய்து வரவழைத்த ஆசிரியர் நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதும் நடக்கிறது. நிலையங்களின் அந்தக் கவலையை நாம் மறுக்கவில்லை. அதற்கு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. குடியேற்றத் துறை ஒரு தரப்பின் வசூல்காரராக மாற வேண்டியதில்லை.

என்.ஓ.சி. என்ற மூன்றெழுத்து வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி தடையின்மைச் சான்று தராததால் ஆண்டுக்கணக்கில் முடங்கியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அந்தக் கத்தாரே 2020-இல் சட்டத்தைத் திருத்தி அதைக் கைவிட்டது. ஓமான் 2021 ஜனவரி 1 முதல் கைவிட்டது. பக்கத்திலிருக்கும் ஜப்பானில் ஆசிரியரின் விசா ஒரே முதலாளியோடு கட்டப்படுவதில்லை. வேலை மாறினால் 14 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். 2007 அக்டோபரில் நோவா என்ற மாபெரும் ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளமின்றித் தெருவுக்கு வந்தபோது, மற்ற பள்ளிகளில் சேர அவர்கள் நோவாவிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. அதனால் ஜப்பானில் ஆங்கில வகுப்புகள் நின்றுபோய்விடவில்லை. வளைகுடாவுக்கே கசந்துபோன ஒன்றை, தன்னை முன்னேறிய ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நாடு இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிடிவாதம் நமக்கு வியப்பளிக்கவில்லை. இதே இருக்கைகளிலிருந்து 2007-இல் வந்த உத்தரவு நினைவிருக்கும். கொரியாவில் முன்பு பணியாற்றிய கனடிய ஆசிரியர் ஒருவர் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றத்துக்காகத் தாய்லாந்தில் கைதானார். உடனே கொரியாவில் இ-2 ஆசிரியர்கள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்கும் இந்த ரத்தப் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு? கொரிய ஆசிரியர்களுக்குப் பரிசோதனை இல்லை. கொரிய வம்சாவளியில் வந்த வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் உண்டு. எச்.ஐ.வி. தொடர்பான பயணக் கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டதாக 2010-இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஆசிரியர்களின் கையில் ஊசி ஏறுவது மட்டும் நிற்கவில்லை. உல்சானில் பணியாற்றிய நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபரிசோதனைக்கு மறுத்து 2009-இல் வேலையை இழந்தார். அவர் விடவில்லை. ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் இரண்டு ஆண்டு இழுத்தடித்து, 2017-இல்தான் கட்டாயப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். ஒரு தவறான உத்தரவைத் திரும்பப் பெற இவர்களுக்குப் பத்தாண்டு பிடித்தது, அதுவும் ஜெனீவாவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

தொழிற்சாலைத் தொழிலாளர் விஷயத்திலும் இவர்களின் கணக்கு இதுவே. இ-9 விசாவில் வருபவர் முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முறைக்கு மேல் பணியிடம் மாற முடியாது. அதற்கும் விதித்த காரணங்கள் வேண்டும். 2025-இல் நாஜு நகரச் செங்கல் ஆலையில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கற்களோடு சேர்த்துக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கிய காணொளியைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. அதிபரே கண்டித்தார். அப்படிப்பட்ட ஆலையை விட்டு வெளியேறும் தொழிலாளிக்குக்கூட அடுத்த வேலை தேட விதி தருவது மூன்றே மாதம். வெளியேறும் கதவை முதலாளியிடம் ஒப்படைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று இவர்களுக்கு என்ன வேண்டும்?

இந்தியாவுக்கு இதில் பேச இடமுண்டு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியர்களாகச் சேரலாம். அவர்களுக்கும் இதே இ-2 விசாதான், இதே கடிதம்தான். அந்த ஒப்பந்தத்தை மேம்படுத்தும் பேச்சு 2016-லிருந்து இழுபறியில் இருக்கிறது. எஃகுக்கும் வாகன உதிரிபாகங்களுக்கும் சுங்கவரி பேசுகிற மேசையில் ஆசிரியரின் விடுவிப்புக் கடிதத்தையும் டெல்லி எடுத்து வைக்க வேண்டும். நீக்கியவரின் கையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிட, எந்த வடிவிலாவது, சியோல் விரைந்து வழி காண வேண்டும். இன்னொரு பத்தாண்டு காத்திருக்கச் சொல்ல இவர்களுக்கு உரிமை இல்லை.