கூடுதல் நேரம் மரத்துப்போனால் நல்லதுதானா?



முன்கை எலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்ய, அவரை முழுமையாக மயக்க வேண்டும் என்பதில்லை. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளின் அருகே ரோபிவாகேய்ன் போன்ற மரத்துப்போகும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தலாம். அது நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கும். வலிச் செய்தி மூளையை எட்டாது.

சிக்கல் அன்றிரவு வரும். சில மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிய, வலி திரும்பும். அதனால் சில மருத்துவர்கள் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தையும் சிறிதளவு சேர்க்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை அமைதிப்படுத்த அமெரிக்கா 1999இல் அனுமதித்த மருந்து இது. இதைச் சேர்த்தால் மரப்பு நீடிக்கிறது.

"அப்படியானால் எல்லாருக்கும் சேர்க்கலாமே!" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த மருந்து நரம்பிலேயே வேலை செய்ததா, இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் வேலை செய்ததா? நரம்பில் வேலை இல்லையென்றால் அதை ஏன் அங்கே செலுத்த வேண்டும்?

இதைச் சோதிக்க டென்மார்க் ஆய்வாளர்கள் அழகான வழி கண்டார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், நலமான தன்னார்வலர்களின் இரு கைகளையும் மரத்துப்போகச் செய்தார்கள். ஒரு கையில் மட்டும் அந்த மருந்தைச் சேர்த்தார்கள். இரத்தத்தில் கலந்த மருந்து இரு கைகளுக்கும் பொது. வயது, எடை, உடல்நிலை எல்லாமே ஒன்று. நீங்கள் படித்த கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் இவைதாம்! மருந்து சேர்த்த கையில் மரப்பு ஏறத்தாழ 1 மணி நேரம் கூடுதலாக நீடித்தது. ஆக, நரம்பிலும் வேலை நடக்கிறது.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. இந்த மருந்து இதயத் துடிப்பை மெதுவாக்கலாம், இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம், தூக்கத்தையும் தரலாம். வலியும் வெறும் தொல்லையன்று. மாவுக்கட்டு இறுகினாலும் கை சூடான பொருளில் பட்டாலும் நம்மை எச்சரிப்பது வலிதான். மரத்த கை எதையும் சொல்லாது.

எனவே என் கருத்து இது: கடும் வலி தரும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின், இரவு முழுவதும் கண்காணிப்பில் இருப்பவருக்கு அந்தக் கூடுதல் நேரம் பெரிய உதவி. சிறிய சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்புபவருக்கு அது தேவையில்லை.

"நீண்ட நேரம் வேலை செய்யும்" என்று எந்த மருந்தைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டார்கள்? அதற்கு உடல் கொடுக்கும் விலை என்ன?