பிடரியைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகிறவர்கள் பலரும் பிள்ளைகளை ஒரு சுற்றாவது குதிரையில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். ஏற்றுவதற்கு முன் அதன் பிடரி மயிரை ஒரு நிமிடம் பாருங்கள். குதிரைக்கு என்ன கவனிப்பு கிடைக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

அண்மையில் அங்கே ஒரு குதிரையின் பிடரியை, குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விலக்கிப் பார்த்தேன். மேலே சிவப்பு ரிப்பன், சின்னச் சின்ன மணிகள். உள்ளே மயிர்க்காலில் உப்பும் மணலும் வியர்வையோடு சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. ஓரிடத்தில் மயிர் முறிந்து தோல் தடித்திருந்தது. “எந்நேரமும் தூண்ல போய்த் தேய்க்குது சார்” என்றார். கொசுவைவிடச் சிறிய ஒருவகைப் பூச்சி கடித்து ஒவ்வாமை வந்தால் பிடரியிலும் வாலடியிலும் இப்படித்தான் அரிக்கும். ரிப்பன் அந்தப் புண்ணை மறைக்கும், ஆற்றாது.

பிடரியைச் சீர்செய்வது நுணுக்கமான வேலை. காதுகளுக்குப் பின்னால், கடிவாளத்தின் தலைவார் உட்காரும் இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்ட வெட்டுவார்கள். வாரில் மயிர் சிக்கி இழுபடாது. மற்ற இடங்களில் நீண்ட மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பில் சுற்றிப் பிடுங்கி அடர்த்தியைக் குறைப்பது பழைய முறை. அதைப் பொறுக்காமல் தலையை உதறும் குதிரைக்குக் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கழித்தாலே போதும். போலோ குதிரைக்கு மட்டையில் சிக்காதிருக்கப் பிடரியை முழுக்க மழிப்பார்கள். கடற்கரைக் குதிரைக்கு அது தேவையே இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அடர்த்தியைக் குறைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலரவிட்டுச் சீவினால் கழுத்துக்குக் காற்றுப் படும்.

ஆனால் நெற்றி மயிரை விட்டுவிட வேண்டும். கண்ணில் மொய்க்கும் ஈயை அதுதான் விரட்டுகிறது. வாயைச் சுற்றியுள்ள உணர்மயிரையும் தொடக்கூடாது. தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. தீவனத்தை அந்த மயிரால்தான் தடவி அறிகிறது. அதை மழித்த குதிரைகள் போட்டியிடக் கூடாது என்ற சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையைச் சிங்காரிப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பிடரி சிக்கில்லாமல் சுத்தமாக இருந்தால் குதிரைக்காரரைப் பாராட்டி, பத்து ரூபாய் கூடவே கொடுங்கள். புண் இருந்தால் பிள்ளையை ஏற்றாதீர்கள். காரணத்தை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1959 முதல் சென்னையில் இயங்கும் ப்ளூ கிராஸ் அமைப்புக்கும் தகவல் கொடுங்கள். சவாரிக்குக் காசு கொடுக்கும் நாம் கேட்டால், கவனிப்பு கட்டாயம் மாறும்.