தொட்டில் அழகா இருந்தா போதுமா? பிள்ளை மூச்சு விட வேண்டாமா?

பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்களும், பிறக்கப் போகிற வீட்டுக்காரர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கட்டில் ஓரத்தில் ஒட்டி நிறுத்துகிற தொட்டிலை இப்போது சென்னையில் நிறைய வீடுகளில் வாங்குகிறார்கள். மூன்று பக்கம் வலை. தாய் படுக்கிற பக்கம் மட்டும் கீழே இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை சிணுங்கினால் எழுந்து நடக்க வேண்டாம். கையை நீட்டினால் போதும். சிசேரியன் ஆன தாய்க்கு இது பெரிய உபகாரம். நல்ல சாமான்தான். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

அதை விற்கிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது!

தொட்டிலோடு ஒரு 'செட்' சேர்த்துக் கொடுக்கிறார்கள். மெத்துமெத்தென்று மெத்தை. குட்டித் தலையணை. இரண்டு பக்கமும் அண்டக் கொடுக்கத் திண்டு. சுற்றிலும் கட்ட பஞ்சு வைத்த 'பம்பர்'. போதாததற்கு நாலு கரடி பொம்மை. பார்த்தால் ராஜா வீட்டுப் பிள்ளை படுக்கை மாதிரி இருக்கும். "என் பேத்திக்கு இல்லாததா?" என்று தாத்தா பர்சைத் திறந்துவிடுகிறார்.

அந்த செட்டில் உள்ள அத்தனையும் பச்சைக் குழந்தையின் மூக்குக்கு எதிரி.

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பஞ்சில் முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும். அழுகை வெளியே கேட்காது. பக்கத்தில் படுத்திருக்கிற தாய்க்குக்கூடத் தெரியாமல் காரியம் முடிந்துவிடும்.

47 லட்சம் படுக்கை வாபஸ்

இது பாட்டி பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் பிஷர்-பிரைஸ் என்ற பெரிய கம்பெனி, பிள்ளை சாய்ந்தாற்போல் தூங்க 'ராக் அண்ட் ப்ளே' என்று ஒரு படுக்கை விற்றது. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். சாய்ந்து கிடந்தால் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக் குழாய் மடங்கும் என்பதை யார் நினைத்தார்கள்? 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த தகவல் வெளியான பிறகு, 2019 ஏப்ரலில் ஏறக்குறைய 47 லட்சம் படுக்கைகளை வாபஸ் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் மறுபடி எச்சரிக்கை விட்டபோது அந்தக் கணக்கு சுமார் 100 ஆகியிருந்தது.

நடுவில் 2022-ல் அங்கே சட்டமே போட்டார்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கை விற்கக் கூடாது. பஞ்சு வைத்த பம்பரும் விற்கக் கூடாது. அங்கே தடை செய்த அதே பம்பரைத்தான் இங்கே 'செட்'டில் சேர்த்து நம் தலையில் கட்டுகிறார்கள்!

தையல் டேப் எடுத்துப் போங்கள்

கடைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு தையல் டேப் இருக்கட்டும். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

கம்பி வைத்த தொட்டில் என்றால் இரண்டு கம்பிக்கு நடுவில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் போனால் பிள்ளையின் உடம்பு நழுவி வெளியே வந்துவிடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது பிள்ளைக்கு ஆகாது. பலகை மாதிரி கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் தொட்டில் ஓரத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

தாய்ப் பக்கம் இறங்குகிற தடுப்பு முழுசாகத் தரைமட்டமாகிவிடக் கூடாது. தொட்டில் மெத்தைக்கு மேல் 12 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இல்லாவிட்டால் பிள்ளை உருண்டு பெரிய மெத்தைக்கு வந்துவிடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். தொட்டிலைப் பெல்ட் போட்டுக் கட்டிலோடு இறுக்க வேண்டும். நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. நம் வீட்டு மரக் கட்டிலில்தான் வினையே! கட்டில் சட்டம் மெத்தையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டில் சட்டத்தில் இடித்து நின்றுவிடும். மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் பிள்ளை சிக்கினால் என்ன ஆவது? "ஒரு போர்வையைச் சுருட்டி அடைச்சா சரியாப் போச்சு" என்பார்கள். கூடவே கூடாது. அப்படிப்பட்ட கட்டில் உள்ளவர்கள் நாலு பக்கமும் தூக்கி வைத்து, கை எட்டும் தூரத்தில் தொட்டிலைத் தனியாக நிறுத்துங்கள்.

கடுகுத் தலையணைக்குப் பாட்டி சண்டை போட்டால்...

"தலை சப்பையாயிடும்டி, கடுகுத் தலையணை வை" என்று எந்தப் பாட்டிதான் சொல்லவில்லை? பாட்டியோடு சண்டைக்கு நிற்க வேண்டாம். பிள்ளை முழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலையும் நேராகும், கழுத்தும் பலப்படும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் போட வேண்டும், தலையணை வேண்டாம்.

"மல்லாக்கப் போட்டா கக்கின பால் புரையேறாதா?" என்ற பயமும் உண்டு. மல்லாந்து படுத்தால் மூச்சுக் குழாய் மேலேயும் உணவுக் குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக் குழாய்க்குள் போவது கஷ்டம். குப்புறப் படுத்தால்தான் அது சுலபம்.

தூளியைப் பற்றிச் சொன்னால் எனக்கு அடி விழும். ஆனாலும் சொல்கிறேன். மடியில் வைத்துத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி, கண் பார்வையில் கொஞ்ச நேரம் ஆட்டுங்கள். ராத்திரி முழுக்க அதிலேயே போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சேலை வளைவில் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டுகிறதே, ராக் அண்ட் ப்ளே கதையும் அதுதான். அண்ணன், அக்கா இருக்கிற வீட்டில் பகலில் தூளியை அவிழ்த்து வையுங்கள். விளையாட்டில் கழுத்தில் சேலை சுற்றிப் பெரிய பிள்ளைகள் இறந்த செய்திகளைப் பேப்பர் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒற்றை அறைக் குடித்தனம்

வியாசர்பாடியில் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் தொட்டிலுக்கு எங்கே இடம்? தொட்டில் இல்லை என்று ஏங்க வேண்டாம். கோரைப்பாய் ஒன்று, அதன் மேல் சுருக்கமில்லாமல் மடித்து விரித்த பருத்தித் துணி ஒன்று. எறும்பு, கொசுவுக்கு விறைப்பாக நிற்கிற குடை வலை. தாய் பக்கத்தில், ஆனால் தாயின் பாயில் இல்லாமல் தனியாக. பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பஞ்சுக் குவியலில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பீடி, சிகரெட், குடி உள்ள ஆள் பக்கத்தில் மட்டும் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

பணம் உள்ளவர்களும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்தால் இந்த ஓரத் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும். அது ஐந்தாம் மாதமே வந்துவிடலாம்.

பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று 2021 ஜனவரி 1 முதல் உத்தரவு இருக்கிறது. கிலுகிலுப்பைக்குக் காட்டுகிற அந்தக் கண்டிப்பு தொட்டில் கடையில் என் கண்ணில் படவில்லை. கலர் எத்தனை, சக்கரம் எத்தனை என்று அட்டையில் பெரிசாகப் போடுகிறார்கள். அடுத்த ஆடித் தள்ளுபடியில் 'தலையணை இலவசம்' என்பதை எடுத்துவிட்டு, கம்பி இடைவெளி இத்தனை, தடுப்பு உயரம் இத்தனை என்று போடட்டும் பார்க்கலாம்!