சாவி யாரிடம் இருக்கிறது?

சென்னையில் வாடகைக்கு ஜாகை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? மோட்டார் எத்தனை வேளை போடுகிறார்கள்? முன்பணம் எத்தனை மாதம்? காற்று வருமா? இவ்வளவும் கேட்கிறவர்கள், கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை மட்டும் மறந்து விடுகிறார்கள். "மின்சார மீட்டர் எங்கே இருக்கிறது, அதன் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்பதே அது. குடிவந்து இரண்டு மாதம் கழித்துப் பில் தொகையைக் கேட்ட பிற்பாடுதான் அந்தக் கேள்வி மனத்தில் உதிக்கிறது. அப்போது கேட்டால் அது கேள்வியாக இருப்பதில்லை, சண்டையாகி விடுகிறது.

பழைய ஒண்டுக் குடித்தனங்களில் இந்தச் சங்கடம் வேறு ரூபத்தில் இருந்தது. அறைக்கு ஒரு விளக்கு. அதற்குரிய கூலி வாடகையோடு சேர்த்தி. இராத்திரி ஒன்பதரை மணி அடித்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்து விடும் வீட்டுக்காரர்களைப் பற்றி அந்தத் தலைமுறையினர் கதை கதையாகச் சொல்வார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை தெரு விளக்கைத் தேடிப் போனதெல்லாம் அவற்றுள் உபகதை. 1947 ஆகஸ்டில் சென்னையின் மின்சார விநியோகம் இங்கிலீஷ் கம்பெனியின் கையிலிருந்து சர்க்கார் வசமாயிற்று. 1957-இல் மின்சார வாரியம் ஏற்பட்டது. வெளிச்சம் பொது ஜனங்களின் சொத்தாகிவிட்டது என்று பெருமைப்பட்டோம், பெருமைப்பட்டது நியாயமே. ஆனால் அந்தச் சொத்தை அளந்து கொடுக்கும் கருவி இன்னும் பல கட்டடங்களில் ஒரு தனி மனிதருடைய பூட்டுக்குள் இருக்கிறது.

அடுக்கு மாடி வீடுகளில் மீட்டர்களெல்லாம் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் மாடிப்படியின் அடியில், வரிசையாக மாட்டியிருக்கும். முன்னால் ஒரு கம்பிக் கதவு அல்லது தகரக் கதவு. சாவி, வீட்டுக்காரரிடமோ சங்கத்தின் காரியதரிசியிடமோ காவற்காரரிடமோ இருக்கும். வீட்டுக்காரர் வேறு ஊரில், சில சமயம் வேறு தேசத்தில் இருப்பார். கணக்கெடுப்பவர் வரும் நாளில் கதவு திறக்கும். அவர் போனதும் மூடிக்கொள்ளும். பணம் கொடுக்கிற குடித்தனக்காரர் மட்டும் கோயில் நடை சாத்திய பின் வந்த பக்தரைப் போலக் கம்பி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முன்னெல்லாம் வெள்ளை அட்டை ஒன்று இருந்தது. கணக்கெடுப்பவர் அதில் தேதியும் அளவும் தொகையும் எழுதிவிட்டுப் போவார். அதைப் பார்த்தாவது கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். இப்போது அட்டையின் இடத்தில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. யாருக்கு வருகிறது? வாரியத்தின் ஏட்டில் பதிந்துள்ள கைப்பேசிக்கு. அது பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. "இந்தத் தடவை இவ்வளவு ஆயிற்று" என்று அவர் சொல்வதே பில்.

மீட்டரைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிறைய ஆகும். மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால் 3200 மின்னலுக்கு ஒரு யூனிட். வீட்டிலுள்ள மெயினை அணைத்துவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள். விளக்கு அடங்கியிருந்தால் க்ஷேமம். அப்போதும் மின்னிக்கொண்டே இருந்தால், நடுவழியில் எங்கேயோ கசிவு இருக்கிறது. இல்லாவிட்டால் வேறொருவர் வீட்டுக் கம்பி நம் மீட்டரில் சேர்ந்திருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், நம்முடையது என்று நாம் நினைத்திருப்பது அடுத்த வீட்டு மீட்டர். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது மீட்டருக்குக் கீழே எழுதியிருந்த வீட்டு எண்கள் மறைந்து போவதும், பிறகு யாரோ ஒருவர் ஞாபகத்தை நம்பி அவற்றை மறுபடி எழுதுவதும் நடக்கிற காரியந்தானே? இரண்டு குடும்பங்கள் ஒருவர் பில்லை ஒருவர் கட்டிக்கொண்டு, எதிர்ப்படும்போது புன்னகை செய்துகொண்டு வருஷக் கணக்காக வாழ்ந்துவிட முடியும். ஐந்து நிமிஷச் சோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் சோதனைக்குச் சாவி வேண்டும்.

ப்யூஸ் சமாசாரமும் உண்டு. பல கட்டடங்களில் ப்யூஸ் கட்டைகள் அதே கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இராத்திரி பதினோரு மணிக்கு அது போய், வீட்டில் கைக்குழந்தையோ மூச்சுத் திணறும் பெரியவரோ இருந்துவிட்டால், சாவிக்காரரின் தூக்கத்தைப் பொறுத்தது அந்தக் குடும்பத்தின் இராத்திரி. மீட்டர்ப் பலகையிலிருந்தே புகை கிளம்பினால் என்ன செய்வது என்பதை நாம் விஸ்தரிக்க விரும்பவில்லை.

இனி, பல குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர் உள்ள வீடுகளுக்கு வருவோம். இங்கேதான் அநியாயம் கூட்டல் கழித்தல் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. 2016-இல் தமிழ் நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஏற்பட்டது. கவனியுங்கள்: இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மூன்று குடும்பங்கள் தலைக்கு 170 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித் தனி மீட்டரானால் ஒவ்வொருவரும் 70 யூனிட்டுக்கு, ஆக மூவரும் 210 யூனிட்டுக்குப் பணம் கொடுத்தால் போதும். ஒரே மீட்டரில் அதே மின்சாரம் 510 யூனிட்டாகிறது. இலவசம் போகக் கட்ட வேண்டியது 410. தொல்லை அத்துடன் தீரவில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு விகித அட்டவணையே வேறு. கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டுமின்றி, முன்னால் எரித்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. ஒருவர் வீட்டுக் கிரைண்டர் மற்ற இருவர் பில்லையும் உயர்த்தும் விந்தை இது.

இதற்குப் பரிகாரமாகச் சில வீட்டுக்காரர்கள் தாங்களே சப்-மீட்டர் வாங்கி மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை என்று வசூலிக்கிறார்கள். அந்த மீட்டருக்கு வாரியத்தின் முத்திரை கிடையாது, சோதிப்பாரும் கிடையாது. சர்க்கார் இனாமாகக் கொடுத்த 100 யூனிட்டும் மாடிப்படி ஏறுவதற்குள் விலைச் சரக்காகி விடுகிறது.

பொது மீட்டரின் கதையும் ஏறக்குறைய இதுதான். மோட்டார், படி விளக்கு, லிப்ட் இவற்றுக்கான இணைப்புக்கு 2022-இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று விதித்தார்கள். எங்கும் பராமரிப்புத் தொகை ஏறிற்று. 2023 நவம்பரில், பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பராமரிப்புத் தொகை இறங்கிற்றா என்று விசாரித்த குடித்தனக்காரர் எத்தனை பேர்? சங்கமோ சொந்தக்காரர்களின் சங்கம். குடித்தனக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நாம் நினைப்பதைவிட நன்றாகவே சொல்கிறது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம், இணைப்புக் கேட்கும் உரிமையை வீட்டின் சொந்தக்காரருக்கு மட்டுமின்றி, அதில் குடியிருப்பவருக்கும் கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதப் பத்திரம் தர மறுத்தார் என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2019-இல் அமுலுக்கு வந்த தமிழ் நாட்டு வாடகைச் சட்டம், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். மீட்டர் காட்டும் அளவு சரியில்லை என்று புகார் செய்தால், ஐந்து நாளைக்குள் இன்னொரு மீட்டரைக் கூட மாட்டி ஒத்துப் பார்க்க வேண்டும் என்று 2024-இல் மத்திய சர்க்கார் விதி செய்தது. நல்ல விதிதான். ஆயினும் அளவு சரியில்லை என்று புகார் செய்ய, முதலில் அளவைப் பார்த்திருக்க வேண்டுமல்லவா? அதற்கும் ஒரு விதி 2006-லேயே எழுதியிருக்கிறது. மீட்டரை வீட்டுக்கு வெளியே வைத்தால், உபயோகிப்பவர் கேட்கும் பட்சத்தில், செலவாகும் மின்சாரத்தை உடனுக்குடன் காட்டும் சிறு கருவி ஒன்றை வீட்டினுள் வைத்துத் தர வேண்டும் என்பது அது. அப்படி ஒரு விதி இருப்பதே கதவின் இரு புறத்திலும் அநேகருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பூட்டு எப்போதும் கெட்ட எண்ணத்தால் வந்ததல்ல. திறந்து கிடந்தால் தெருப் பிள்ளைகள் கையை விடுவார்கள். கோபம் கொண்ட அண்டை வீட்டார் ப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். முத்திரை உடைந்தால் வாரியம் முதலில் கேட்பது வீட்டுக்காரரைத்தான். எனவே பூட்டு இருக்கட்டும். பூட்டு வேறு, சாவியை ஒளித்து வைப்பது வேறு. தகரக் கதவாயிருந்தால் மீட்டர் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி பதிக்கலாம். ஒவ்வொரு மீட்டரின் மேலும் வீட்டு எண்ணை அழியாத எழுத்தில் பொறிக்கலாம். குடிபுகும் அன்று வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து போய் மீட்டர் அளவைப் பார்த்து, அதையும் இணைப்பு எண்ணையும் வாடகைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மின்சாரக் கணக்குக்குக் குடித்தனக்காரரின் கைப்பேசியைப் பதிந்து கொடுத்தால், மாதக் கடைசி மனஸ்தாபத்தில் பாதி குறையும்.

சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வரலாம். கோலப் போட்டிக்கு ஒதுக்கும் பரிசுத் தொகையில் ஒரு பங்கு இருந்தால், வீட்டுக்கு ஒரு சாவி வெட்டிக் கொடுத்துவிடலாம்.