கடலையும் கணக்கிற் சேர்ப்போம்

மீன்வளர்ப்புக் கம்பனிகள் வெளியிடும் பேண்தகு உபாய அறிக்கைகள், தம்மாற் காலநிலைக்கு விளையும் தீங்கை எங்ஙனம் குறைப்போம் என விரிவாகக் கூறுவன. அது வேண்டுவதே. ஆயினும், மாறும் காலநிலையாற் கம்பனிக்கும் அதனை அண்டி வாழ்வோர்க்கும் விளையும் இடர் யாது என்னும் வினாவே முதற்கண் விடைபெறற்பாலது என்பது எமது கருத்து.

கூண்டில் அடைபட்ட மீன் தப்பியோட மாட்டாது. நீர் சூடேறுந்தோறும் அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைகின்றது. மீனின் தேவையோ கூடுகின்றது. 2019 ஆம் ஆண்டின் கோடையிறுதியிற் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தென்கரையில் ஏறத்தாழ 26 இலட்சம் சல்மன் மீன்கள் மடிந்தன. நீடித்த வெப்பநீரே காரணமெனப்பட்டது. 2016 இன் தொடக்கத்திற் சிலி நாட்டின் தென்கடலில் எல் நினோ தந்த வெப்பமும் மழைக்குறைவும் நச்சு அல்காக்கள் பெருக இடந்தந்தன. ஏறத்தாழ 39,000 தொன் சல்மன் அழிந்தது. அதிற் சில ஆயிரம் தொன் கடலிலேயே கொட்டப்பட்டது. பின்னர் எழுந்த செந்நீர்ப் பெருக்காற் பிழைப்பிழந்த சிலோயே தீவு மீனவர், அக்கொட்டலையே குற்றஞ்சாட்டி, மே மாதத்திற் பாதைகளை மறித்துப் போராடினர். அவர் கூற்று முற்றும் சரியோ அன்றோ, கம்பனியின் இடர் கம்பனியோடு நில்லாது என்பது தெளிவு.

தீவனமும் இடருக்கு விலக்கன்று. மீன்மா ஏற்றுமதியில் முன்னிற்கும் பெரு நாட்டில், கடல் வெப்பமுற்றமையால், 2023 இன் முதற்பருவ நெத்தலிப் பிடிப்பு வடமத்திய கடலிற் கைவிடப்பட்டது.

அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளியான சர்வதேச நிதியறிக்கை நியமமொன்று, கம்பனிகள் தம் காலநிலை இடர்களை வெளிப்படுத்த வேண்டுமென்கின்றது. வெளிப்படுத்தல் மட்டும் போதாது. வெப்பமும் ஒட்சிசனும் எவ்வளவை எட்டின் கூண்டின் மீன்தொகையைக் குறைப்பது, எப்போது முன்கூட்டி அறுவடை செய்வது, இறந்த மீனை எங்கே சேர்ப்பது, பிழைப்பிழந்தோர்க்கு ஈடளிப்பவர் யார் என்பன பருவத்துக்கு முன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

மீன்தொகை குறையின் இலாபமுங் குறையுமே என்பர் சிலர். நல்லாண்டில் விட்டுக்கொடுத்த சிறு இலாபமே தீயாண்டில் முதலைக் காப்பது. விதைநெல்லையும் உலையிலிட்டவன் அடுத்த போகத்தை நினையாதவனன்றோ?

எம் கல்லூரியின் பழைய மாணவருட் கணக்காளரும் பணிப்பாளரும் உளர். இன்றைய மாணவர் நாளை அவ்விடங்களில் அமர்வர். அழகிய அறிக்கையொன்று தம்முன் வைக்கப்படும்போது, “கடல் சூடேறினால் என் செய்வீர்?” எனக் கேட்கும் துணிவு அவர்க்கு வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.