உண்ண மறுத்த சாரை

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொழும்புத்துறையிலுள்ள எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு மாணவன் ஒருவன் வந்தான். உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவன். வகுப்பிலே வாய் திறவாதவன். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"சேர், பன்னிரண்டு நாளாச்சு. அது ஒண்டும் தின்னுதில்லை."

வீட்டில் யாரோ குழந்தை நோயுற்றிருக்கிறது என்று எண்ணிப் பதைத்தேன். சற்றுத் தயங்கியபின், "சாரைப்பாம்பு, சேர்" என்றான்.

கடற்கரையோர வேலியொன்றில் காயப்போட்டிருந்த மீன்வலையிலே அந்தச் சாரை சிக்கிக் கிடந்ததாம். வலைநூல் உடலை அறுத்திருந்தது. கூடி நின்றவர்கள் தடியைத் தேட, இவன் வலையை வெட்டி அதனை மீட்டு, வீட்டிலிருந்த பழைய மீன்தொட்டிக்குள் இட்டு, புண்ணுக்கு மருந்தும் போட்டிருக்கிறான். இரக்கம் நல்லதுதான். எனினும், சாரையை நாகமென்று மயங்கி அடிப்பவர்கள் உள்ளதுபோல, நாகத்தைச் சாரையென்று மயங்கித் தொடுபவர்களும் நம்மூரில் உண்டு. ஆகையால் இவன் செய்ததை வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், பின்பற்றலாகாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுடன் வீட்டுக்குச் சென்றேன். கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டி வைக்கப்பட்டிருந்தது. அயல்வீட்டுச் சிறுவர் மூவர் கண்ணாடியைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தனர். தொட்டியின் ஒரு மூலையில் சாரை சுருண்டு கிடந்தது. மற்ற மூலையில் ஒரு சிரட்டை நிறையப் பால், ஓர் அவித்த முட்டை, அச்சத்தால் விறைத்த ஒரு தவக்கை.

"எல்லாம் வைச்சுப் பாத்தாச்சுத் தம்பி. ஏறெடுத்தும் பாக்குதில்லை. நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைச்சிருக்கிறன்" என்றார் பேத்தியார். பையனின் தகப்பனாரோ வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். "நாளைக்கு வாயைத் திறந்து இறைச்சியைத் தள்ளப்போறன் மாஸ்ரர். இல்லாட்டில் செத்துப்போம்" என்றார். பையன் என் முகத்தைப் பார்த்தான். அவன் என்னை அழைத்து வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நாய் ஒருநேரம் உண்ணாவிட்டால் நாம் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. நாயும் பூனையும் நாமும், உண்ணும் உணவில் பெரும்பகுதியை உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவழிக்கிறோம். பாம்புக்கு அச்செலவு இல்லை. அது சூரியனிடமிருந்து வெப்பத்தைக் கடன்வாங்கிக்கொள்ளும். எனவே அதன் ஒருவேளை உணவு பல நாட்களுக்குத் தாங்கும். கந்தசஷ்டி விரதகாரர் ஆறாம் நாள் கழிந்ததும் பாறணைக்கு விரைகிறோம். பாம்புக்கு ஆறு நாள் ஒரு பொருட்டே அன்று.

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் மக்கியூ என்பவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று உண்டு. மூவகைப் பாம்புகளில் 62 பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் உணவின்றி வைத்துப் பார்த்தார். அவற்றுட் சில, உடலின் உயிர்ச்செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. அதனினும் வியப்பு, அப்பட்டினியின் போதே அவை நீளத்தில் வளர்ந்தன! நன்கு கொழுத்த பாம்புக்கு உரிய இக்கணக்கை, மெலிந்ததற்கும் நோயுற்றதற்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

உண்பதும் பாம்புக்கு இலேசான காரியம் அன்று. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையொன்றை விழுங்கியபின், இரண்டே நாளில் அதன் இதயம் 40 விழுக்காடு பருத்துவிடுவதை 2005இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். செரிமானத்துக்காக உடல் முழுவதுமே ஓர் ஆலைபோல் இயங்கத் தொடங்குகிறது. அதற்கு வெப்பம் வேண்டும். வெப்பம் போதாதவிடத்து விழுங்கிய இரை செரியாமல் உள்ளேயே அழுகும். அல்லது பாம்பு அதைக் கக்கிவிடும். குளிர்ந்த சீமெந்துத் தரையில், மின்விசிறியின் கீழ்க் கிடக்கும் பாம்பு உண்ண மறுக்கிறதென்றால் அதை அடம் என்பதா, அறிவு என்பதா?

வேறு காரணங்களும் உள. செட்டை கழற்றும் காலம் நெருங்கினால் பாம்பின் கண் பால் படர்ந்ததுபோல் மங்கிவிடும். பார்வை குன்றிய அந்நாட்களில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தேடா. சினைப்பட்ட பாம்பும், அடைகாக்கும் பாம்பும் அவ்வாறே. 1841ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அரும்பொருட் சாலையில், பெண் மலைப்பாம்பொன்று தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாத்ததை வலான்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்பமானி கொண்டு அளந்து எழுதினார். ஏறக்குறைய இரண்டு மாதம் அது உணவைத் தீண்டவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. பாம்பு அடைகாக்கும் என்பதையே அக்காலத்து அறிஞர் சிலர் நம்ப மறுத்திருந்தனர். நம் வன்னியிலே வெங்கிணாந்தி என்று வழங்கும் மலைப்பாம்பும் முட்டையைச் சுற்றிக் கிடக்கும் இனமே.

இனி, பால். பாம்புக்குப் பால் உணவன்று. தாகத்தால் வாடிய பாம்பு நீர்ப்பொருள் எதனையும் குடித்துவிடும். அதைக் கண்டு, பாலை விரும்பி உண்டது என்கிறோம். இந்தியாவிலே நாகபஞ்சமிக்கு முன் பாம்பாட்டிகள் சிலர் நாகங்களை நாட்கணக்கில் நீரின்றி வாட்டி, வாயையும் தைத்து, பின்பு தெருவெங்கும் கொண்டுசென்று பால் குடிக்கச் செய்துவந்தனர். அந்நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. புற்றுக்குப் பால் வார்ப்பதை நான் குறைகூறவில்லை. நயினாதீவிலும் புதூரிலும் கைகூப்பி நின்றவன்தான் நான். அது வழிபாடு. தொட்டிக்குள் அடைத்த பாம்பின் முன் பாலை வைப்பது வேறு. இதனைச் சொன்னதும் பேத்தியார் சிரட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். கோபமோ என்று அஞ்சினேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

தகப்பனாரைத் தடுப்பதுதான் கடினமாயிருந்தது. அன்பினால் செய்யத் துணிந்த காரியம் அல்லவா? பாம்பின் மூச்சுத் துவாரம் வாயின் அடித்தளத்திலே இருக்கிறது. பழகாத கையால் இறைச்சியைத் திணித்தால் தொண்டையும் கிழியலாம், மூச்சும் அடைபடலாம். விழுங்கச் செய்தாலும், அச்சமுற்ற பாம்பு அதனைக் கக்கிவிடும்; கக்கிய பாம்பு முன்னையிலும் மெலியும். வாயில் நுரையோ சீழோ கண்டாலும், வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலும், முதுகெலும்பு கூரைமுகடுபோல் துருத்தினாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வலிந்து ஊட்டுவது தேவையா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அவரே. இச்சாரையிடம் அக்குறிகள் எவையும் இல்லை. இவற்றையெல்லாம் கேட்டபின், "அப்ப என்னதான் செய்யிறது?" என்றார் அவர்.

தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. விஷமுறி மருந்து தயாரிப்பதற்கு வேண்டிய நஞ்சை அவர்களே எடுத்துக் கொடுக்கின்றனர். பிடித்த பாம்பை அவர்கள் கண்ணாடித் தொட்டியில் இடுவதில்லை. மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டிவைப்பர். இருளும் ஒடுக்கமும் பாம்புக்கு ஆறுதல். நான்கு வாரமளவில் நஞ்செடுப்பு முடிந்ததும் காட்டிலே விட்டுவிடுவர். பாம்பினால் பிழைப்பு நடத்துபவர்களே அதற்குமேல் அதனைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை.

எங்களுக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று. சாரையைப் பெரிய மண்பானையொன்றில் மணலிட்டு வைத்து, காலை வெயிலின் இளஞ்சூடு எட்டும் பின்விறாந்தை மூலைக்கு மாற்றினோம். தண்ணீர்ச் சட்டியை வைத்தோம். தவக்கைக்கு விடுதலை கிடைத்தது. சிறுவருக்குத் தடை. பாம்புக்கு வெளிச்செவி இல்லாவிடினும் அதிர்வை அது உடலால் உணரும். கண்ணாடியில் விழுந்த ஒவ்வொரு தட்டும் அதற்கு ஓர் அடி. இலங்கையில் பெரும்பாலான பாம்பினங்கள் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை, விருப்பம்போல் வீட்டில் வளர்க்க இயலாது என்பதையும் பையனுக்கு எடுத்துரைத்தேன். அதைக் கேட்டு அவன் முகம் வாடிற்று. ஒரு பெயரும் வைத்திருந்தான் போலும், எனக்குச் சொல்லவில்லை.

நான்காம் நாள் சாரையின் கண் மங்கியது. பத்தாம் நாட் காலை பானைக்குள்ளே முழுச்செட்டையும் கழன்று கிடந்தது. வலையறுத்த இடத்தில் மட்டும் சிறிது கிழிந்திருந்தது. புண் ஆறிவிட்டது. இனி உண்ணும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். தண்ணீர் குடித்தது, உண்ணவில்லை.

"இன்னும் ஒரு கிழமை பாப்பம், சேர்" என்றான் பையன். நான் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் அவனே வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அறிவித்திருந்தான். வந்து பார்த்த அலுவலர், அண்மையிலுள்ள பனங்காணியிலேயே விட்டுவிடலாம் என்றார்.

மாலை நான்கு மணியளவில் பானையைச் சரித்தோம். சாரை சிறிதுநேரம் அசையாமல் நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சுவைத்தது. பின்பு பனைவடலிகளுக்கு இடையே, காவோலைக் குவியலுக்குள் ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தது. நாங்கள் வந்த பின்னரும் பையன் அங்கேயே நின்றான். இருள் சூழ்ந்தபின் வீட்டுக்கு வந்தவன், "அது இண்டைக்குச் சாப்பிட்டிருக்குமோ, ஆச்சி?" என்று கேட்டானாம். "உனக்குச் சோறு போட்டு எவ்வளவு நேரம். முதல் நீ வந்து சாப்பிடு" என்றாராம் பேத்தியார்.